சட்டவிரோதச் சோதனைக்கும் கைதுக்கும் எதிராக வழக்கு நடத்தும் சத்துவாச்சாரி வழக்கறிஞர் அலுவலகம்: ஒரு மதிப்புரை

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் வட்டாரங்களில் ஜாமீன் எடுத்துத் தரும் வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், வீட்டைச் சோதனையிட்ட முறையே சட்டத்துக்குப் புறம்பானது, கைது செய்த முறையே தவறானது என்று காவல் துறைக்கு எதிராக வாதிட்டு, அதற்காக அரசிடம் இழப்பீடு கேட்டு வழக்கு நடத்த முன்வருபவர்களைத் தேடினால், விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஓர் அலுவலகம் சத்துவாச்சாரியில், ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இயங்கி வருகிறது. என் தம்பியின் வழக்கைச் சென்ற ஆண்டிலிருந்து அவர்கள்தாம் நடத்துகிறார்கள். அவர்களிடம் எது சிறப்பு, எது குறை என்பதை, இத்தகைய துன்பத்தில் சிக்கிக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

அலுவலகத்தின் பெயரை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. வழக்கறிஞர்கள் தம் தொழிலை விளம்பரப்படுத்தக் கூடாது என்று இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதி 36 தடை செய்கிறது. நான் எழுதுவதை அவர்களே ஏற்பாடு செய்த விளம்பரமாக யாரும் திரித்துவிடக் கூடாது. காவல் நிலையத்தின் பெயரையும் எழுதவில்லை, ஏனெனில் விசாரணை நிலுவையில் இருக்கிறது.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால்தான் அவர்களின் வேலை புரியும். என் தம்பி பழைய கைப்பேசிகளை வாங்கி விற்கும் சிறு கடை வைத்திருக்கிறான். திருட்டுக் கைப்பேசி ஒன்றை வாங்கியதாகச் சந்தேகித்து, ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு மேல் சீருடை அணியாத நால்வர் ஜீப்பில் வந்து கதவைத் தட்டினார்கள். வாரண்ட் எதையும் காட்டவில்லை. உள்ளூர்ச் சாட்சிகள் யாரையும் அழைக்கவில்லை. வயதான அம்மாவும் தம்பி மனைவியும் இருந்த வீட்டில், பெண் காவலர் ஒருவரும் இல்லாமல், பீரோவையும் பெட்டிகளையும் திறந்து கொட்டினார்கள். தம்பியின் கைப்பேசி, இருசக்கர வாகனம், சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த 42,000 ரூபாய் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அவனையும் ஏற்றிச் சென்றார்கள். எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் தரவில்லை. பொழுது விடிந்து, அதற்கும் மறுநாள் பிற்பகல் மூன்று மணியளவில்தான் அவன் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட்டான். கைதுக் குறிப்பிலோ, முதல் நாள் மாலை 5.30 மணிக்குப் பேருந்து நிறுத்தம் ஒன்றின் அருகே பிடிபட்டதாக எழுதப்பட்டிருந்தது.

அந்த ஒரு வரியில்தான் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. அரசியலமைப்பின் 22ஆவது பிரிவும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58ஆவது பிரிவும், கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கின்றன. மாலை 5.30 என்று எழுதிவிட்டால் இருபத்தொன்றரை மணி நேரம், சட்டம் மீறப்படவில்லை. நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணி என்று நிறுவிவிட்டால் ஏறக்குறைய முப்பத்தேழு மணி நேரம். அப்போது அது சட்டவிரோதக் காவல். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அதைத் தாளில் நிலைநிறுத்துவதுதான் கடினம், அதில்தான் இந்த அலுவலகத்தின் திறமை வெளிப்படுகிறது.

பொழுது விடிந்ததும் உறவினர் ஒருவர் மூலம் அவர்களைத் தொலைபேசியில் பிடித்தோம். பேசியவர் இளம் பெண் வழக்கறிஞர். அழுதுகொண்டிருந்த தம்பி மனைவியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அவரை ஸ்டேஷன்ல நேர்ல பார்த்தீங்களா, எத்தனை மணிக்கு?" என்பதுதான். பார்த்திருந்தாள். காலையில் எதிரே இருந்த தேநீர்க் கடையில் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பியிருந்தாள். பணத்தை கூகுள் பே மூலம் செலுத்தியதால், 7.40 மணி என்ற நேரம் அவள் கைப்பேசியில் பதிவாகியிருந்தது. அதை அழிக்காமல் வைக்கச் சொன்ன வழக்கறிஞர், உடனடியாக மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பச் செய்தார். எத்தனை மணிக்கு, யார், எந்த வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார், இப்போது எந்த நிலையத்தில் இருக்கிறார் என்பதை மட்டும் நான்கு வரிகளில் எழுதச் சொன்னார். வசவோ மன்றாட்டோ அதில் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த மின்னஞ்சல் காலை 11.04 மணிக்குப் போய்ச் சேர்ந்தது. மாலை 5.30 மணிக்குத்தான் கைது செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் ஒருவர் காவலில் இருப்பதாகக் காலையிலேயே அவருடைய மனைவி எப்படிப் புகார் எழுதியிருக்க முடியும் என்ற கேள்விக்கு இன்றுவரை எதிர்த்தரப்பில் பதில் இல்லை.

ரிமாண்டின்போது அவர்கள் செய்ததையும் விரிவாகச் சொல்ல வேண்டும். நடுவர் முன் தம்பியை நிறுத்துவதற்கு முன்பே அந்த இளம் வழக்கறிஞர் வக்காலத்துடன் காத்திருந்தார். அடித்தார்களா, எப்போது அழைத்து வந்தார்கள் என்று நடுவர் கேட்கும்போது, பயந்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால் அந்த ஒரு சொல் பின்னால் எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்று அவனிடம் விளக்கியிருந்தார். அவன் இரவு இரண்டு மணி என்று சொன்னான். நடுவர் அதை ரிமாண்டு உத்தரவில் பதிவு செய்தார். அந்த உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பம் போட்டார்கள். ஜாமீன் மனுவை அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள். அந்த வரிசை அப்போது எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. அவனை வெளியே கொண்டுவருவதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாத நிலையில் இருந்தோம். ஆயினும் ஜாமீனும் தாமதமாகவில்லை.

வழக்கு ஆவணங்களை அவர்கள் வைத்திருக்கும் முறையை நேரில் பார்த்தேன். கோடு போட்ட நீளத்தாளில் நான்கு பத்திகள்: மணி, இடம், கண்டவர், ஆதாரம். இரவு 2.10: தெருமுனை மளிகைக் கடைக் கேமராவில் ஜீப் கடந்து செல்வது. 2.25: தம்பி மனைவி எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு. 7.40: தேநீர்க் கடைப் பணம். 11.04: மின்னஞ்சல். 17.30: கைதுக் குறிப்பு. கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். கைதுக் குறிப்பில் குடும்பத்தினரோ அப்பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்து இட வேண்டும், கைதானவரும் ஒப்பமிட வேண்டும் என்பது 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த பதினொரு நெறிகளில் ஒன்று. இப்போது அது புதிய சட்டத்தின் 36ஆவது பிரிவாகவே ஆகிவிட்டது. எங்கள் வழக்கில் கையெழுத்திட்ட சாட்சி எங்கள் பகுதியைச் சேர்ந்தவரே அல்லர். அவர் யார், எங்கே வசிக்கிறார், அதே நிலையத்தின் வேறு மகஜர்களிலும் (சாட்சிகள் முன் காவலர் எழுதும் பதிவுகள்) அவர் பெயர் வருகிறதா என்பதை இவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இதை எல்லாரும் செய்ய மாட்டார்கள்.

சோதனையைப் பொறுத்தவரை அவர்கள் எடுத்த ஒரு நடவடிக்கை என்னை வியக்க வைத்தது. வாரண்ட் இல்லாமல் சோதனை செய்யும் அதிகாரி அதற்கான காரணத்தை முன்கூட்டியே எழுத்தில் பதிவு செய்து, அதன் நகலை 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 185ஆவது பிரிவு. வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் அந்த நகலை நடுவர் கட்டணமின்றித் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 105ஆவது பிரிவின்படி சோதனையையும் பொருள்களைக் கைப்பற்றுவதையும் ஒலி, ஒளிப் பதிவு செய்து நடுவருக்கு அனுப்பியாக வேண்டும். புதிய சட்டத்தில் சாதாரணக் குடிமகனுக்குக் கிடைத்த பயனுள்ள பாதுகாப்புகளில் இதை முதன்மையானது என்று நான் கருதுகிறேன். இரண்டுக்கும் தம்பி மனைவியின் பெயரில் விண்ணப்பித்தார்கள். இரண்டும் வந்து சேரவில்லை என்ற குறிப்புடன் விண்ணப்பம் திரும்பி வந்தது. "வராதது நமக்கு நல்லதும்மா, இந்தத் தாளைப் பத்திரமா வைங்க" என்று மூத்த வழக்கறிஞர் என் அம்மாவிடம் சொன்னார். சோதனை நடந்தது என்பதற்குக் கைப்பேசியையும் வண்டியையும் கைப்பற்றிய மகஜரே சான்று. அது சட்டப்படி நடக்கவில்லை என்பதற்கு இந்தத் திரும்பிய விண்ணப்பம் சான்று.

இதற்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று சிலர் எங்களைக் கேட்டார்கள். சோதனை சட்டவிரோதமானது என்று காட்டிவிட்டால் வழக்கே தள்ளுபடியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. சட்டவிரோதமாகச் சோதனையிட்டுக் கிடைத்த பொருளாக இருந்தாலும், வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 1973இல் பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எனவே, கதவை உடைத்து வந்தவர்களைக் கேள்வி கேட்கும் இடம் குற்ற வழக்கு அல்ல, இழப்பீட்டு வழக்குதான். இந்த அடிப்படை உண்மையை முதல் சந்திப்பிலேயே ஒளிவுமறைவின்றி எடுத்துச் சொன்னார்கள். தம்பி மீதான குற்ற வழக்கு தனியாக நடக்கும், அதில் அவன் குற்றமற்றவன் என்று தனியாக வாதாட வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றார்கள்.

எந்த வழியில் இழப்பீடு கேட்பது என்பதில் அவர்கள் தந்த ஆலோசனை தெளிவாக இருந்தது. உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு போடலாம். ஆனால், எப்போது கைது நடந்தது என்பது போன்ற உண்மை குறித்த தகராறுகளைப் பிரமாணப் பத்திரங்களை மட்டும் வைத்துத் தீர்க்க நீதிபதிகள் தயங்குவது உண்டு. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். சட்டவிரோதச் சிறைவைப்புக்கு வழக்குப் போட ஓராண்டுதான் காலவரம்பு, அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பும் தர வேண்டும், கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணமும் உண்டு. சென்னை கிரீன்வேஸ் சாலையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்தில் முறையிடலாம்; அதற்குக் கட்டணம் இல்லை, சாட்சிகளை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு, ஆனால் அங்கும் ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆணையம் வெறும் பரிந்துரைதானே செய்கிறது என்ற பழைய குறைக்கு, 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்தப் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்துப் பெரிய அளவில் விடை கண்டது. எங்களுக்கு ஆணையமே பொருத்தம் என்று சொல்லி அங்கே மனு தாக்கல் செய்தார்கள். உரிமையியல் வழக்குக்கான காலவரம்பு நழுவாமல் இருக்க அரசுக்கு முன்னறிவிப்பையும் அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. போதிய காரணமின்றி ஒருவரைக் கைது செய்ய வைத்தவர், கைதானவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று நடுவர் உத்தரவிடலாம். அதன் உச்சவரம்பு ஆயிரம் ரூபாய். பழைய சட்டத்தில் இருந்த அதே தொகையைப் புதிய சட்டத்தின் 399ஆவது பிரிவிலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதனின் இரண்டு நாள் மானத்துக்கும் அச்சத்துக்கும் ஆயிரம் ரூபாய் என்று மதிப்பிடும் சட்டத்தை 2023இல் நிறைவேற்றியிருக்கிறார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டோம். தொகை சொல்ல மறுத்துவிட்டார்கள், அது சரியே. விடுதலையான பின்பும் பீகார்ச் சிறையில் 14 ஆண்டுகள் அடைத்து வைக்கப்பட்ட ருதுல் சாவுக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் அளித்தது மொத்தம் 35,000 ரூபாய். சட்டமன்றத்துக்குப் போகவிடாமல் தடுத்து வைக்கப்பட்ட காஷ்மீர் உறுப்பினர் பீம் சிங்குக்கு 1985இல் 50,000 ரூபாய். காவலில் மகனை இழந்த ஒடிசாவின் நீலாபதி பெஹராவுக்கு 1993இல் ஒன்றரை லட்சம். இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018இல் 50 லட்சம். இவற்றைக் கொண்டு எந்த அளவுகோலையும் வகுக்க முடியாது என்று சொன்ன மூத்த வழக்கறிஞர், பணத்தைவிட, சம்பந்தப்பட்ட அதிகாரியின் பணிப்பதிவேட்டில் இது ஏறுவதே உங்கள் தம்பிக்கு எதிர்காலப் பாதுகாப்பு என்றார். பொறுமையின் அளவைக் காட்ட வாச்சாத்தியை நினைவுபடுத்தினார்: 1992 ஜூனில் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் வனத்துறையினரும் காவலரும் நடத்திய கொடுமை; 2011இல் தருமபுரி நீதிமன்றத்தில் தண்டனை; 2023 செப்டம்பரில்தான் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்களுக்குத் தலா 10 லட்சம் வழங்க உத்தரவிட்டது.

சீட்டுப் பணம் 42,000 ரூபாயைப் பற்றி அவர்கள் சொன்னது என் அம்மாவுக்குக் கசப்பாக இருந்தது. கைப்பேசியும் வண்டியும் மகஜரிலும் நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம் 95இலும் இருந்தன. பணம் எதிலும் இல்லை. எடுத்ததற்குச் சாட்சி வீட்டிலிருந்த இரண்டு பெண்கள் மட்டுமே. சீட்டு நடத்துபவரின் நோட்டையும், அந்த மாதத் தவணை கட்டப்படவில்லை என்பதையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்றாலும், இதையே முதன்மையாக்கினால் வலுவான நேரக் கணக்கும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும் என்று எச்சரித்தார்கள். 1947இல் மீரட்டில் போலீசார் கைப்பற்றிய தங்கத்தைக் காவலர் ஒருவரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்ட கஸ்தூரிலால் வழக்கில், அரசு பொறுப்பல்ல என்று 1964இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்ததையும், அரசின் அதிகாரப் பணியில் நேர்ந்த தவறுக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது என்ற அந்தப் பாதுகாப்பு அடிப்படை உரிமை மீறலுக்குச் செல்லாது என்று 1993இல்தான் நிலைமை மாறியதையும் என் அம்மாவுக்குப் புரியும் தமிழில் அரைமணி நேரம் விளக்கினார் மூத்தவர். அம்மா சமாதானம் அடையவில்லை. ஆனால் ஏமாற்றப்படவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. கைப்பேசியையும் வண்டியையும் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு மீட்டுக் கொடுத்தார்கள். பறிமுதல் பொருள்களை நிலையத்தில் நீண்ட நாள் போட்டு வைக்கக் கூடாது என்ற சுந்தர்பாய் தேசாய் வழக்கின் தீர்ப்பு அதற்குக் கைகொடுத்தது.

கட்டணத்துக்கு வருவோம். முதல் கலந்தாலோசனைக்கு ஆயிரம் ரூபாய். வழக்குக் கட்டணத்தை முன்கூட்டியே பேசி, மூன்று தவணைகளாக வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள். நீதிமன்றத்தில் சில்லறைச் செலவு என்று குமாஸ்தா கேட்டதையெல்லாம் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மாமா மகன், அங்கே இத்தகைய வழக்குகளில் வழக்கறிஞர்கள் ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் பங்கு எடுத்துக்கொள்வார்கள், முன்பணம் எதற்கு என்று கேட்டான். இங்கே வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் வழக்கறிஞர் கழகத்தின் விதிகளால் தடுக்கப்பட்டவை. அங்கே 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய அலுவலரைத் தனிமனிதர் நேரடியாக நீதிமன்றத்துக்கு இழுக்க வழி செய்கிறது. 1958இல் சிகாகோவில் விடியற்காலையில் 13 காவலர்கள் மன்றோ என்பவரின் வீட்டை உடைத்துப் புகுந்து, குடும்பத்தையே ஆடையின்றி நிற்க வைத்துவிட்டு, அவரைப் பத்து மணி நேரம் நிலையத்தில் வைத்திருந்த வழக்கில்தான், 1961இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தது. அந்த வழக்கின் விவரத்தைப் படித்தபோது எங்கள் வீட்டு இரவு எனக்குத் திரும்பத் தெரிந்தது. நம்மிடம் அதற்கு நேரான தனிச் சட்டம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளைக் கோத்துத்தான் இழப்பீட்டு உரிமையைக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே, அந்தத் தீர்ப்புகளை அறிந்த வழக்கறிஞரைத் தேடிப் பிடிப்பது இங்கே இன்னும் முக்கியமாகிறது.

இந்த அலுவலகத்தின் நேர்மைக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெண்கள், காவலில் உள்ளவர்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பு எதுவுமின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்றும், நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற எண்ணையோ அணுகலாம் என்றும், எங்களிடம் பணம் வாங்குவதற்கு முன்பே அவர்களாகவே சொன்னார்கள். அங்கே காத்திருக்கும்போது, ஜவ்வாது மலையிலிருந்து வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திர போலீசார் பிடித்துச் சென்ற மகனையோ கணவனையோ தேடி வந்தவர்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்த மலைக் கிராமங்களில் ஒருவரைக் காணவில்லை என்றாலே ஈரக்குலை நடுங்குகிறது. அவர்களிடம் கட்டணம் கேட்டதை நான் பார்த்ததில்லை. அதே ஆண்டு ஜூனில், விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர் ஒருவர் இறந்ததை அடுத்து ஆம்பூர் பற்றி எரிந்ததையும் இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. ‘விசாரணைக்குத்தான் கூப்பிடுகிறோம்’ என்ற சொற்களைக் கேட்டாலே குலை பதறும் வீடுகள் இங்கே நிறைய உண்டு.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, முக்கியமான குறை: பிரமாணப் பத்திரங்களை ஆங்கிலத்தில் தயாரிக்கிறார்கள். தம்பி மனைவி எட்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள். ஆணையத்துக்கான மனுவில் கையெழுத்து வாங்கும்போது, சாராம்சத்தை மட்டும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, கோடிட்ட இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார் குமாஸ்தா. நான் தலையிட்டு, முழுவதையும் தமிழில் படித்துக் காட்டும்வரை கையெழுத்திட மாட்டாள் என்று நின்றேன். படித்தபோது, வீட்டுக்கு வந்தவர்கள் நால்வர் என்பதற்குப் பதிலாக ஐவர் என்று தட்டச்சாகியிருந்தது தெரிந்தது. சிறிய பிழைதான், ஆனால் குறுக்கு விசாரணையில் இத்தகைய சிறிய பிழையைப் பிடித்துத்தான் சாட்சியைப் பொய்யராக்குவார்கள். நேரத்தையே உயிராகக் கொண்டு இவ்வளவு கவனமாக வேலை செய்யும் ஓர் அலுவலகம், சாட்சியின் சொற்களை அவள் மொழியிலேயே சரிபார்ப்பதில் ஏன் அவசரப்படுகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆணையத்துக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். இதை அவர்களிடமே நேரில் சொன்னேன். அதன்பின் எங்களுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறார்கள். எல்லாருக்கும் அப்படிச் செய்கிறார்களா என்பதில் எனக்குக் கவலை இருக்கிறது.

இரண்டாவது, மூத்த வழக்கறிஞர் வாரத்தில் பாதி நாள் சென்னையில் இருக்கிறார். அந்த நாள்களில் தொலைபேசியை எடுப்பவர் குமாஸ்தா மட்டுமே. ஒருமுறை தவறான வாய்தா தேதியைச் சொல்லி, தம்பியும் சாட்சியான மளிகைக் கடைக்காரரும் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை வரை போய் வீணாகத் திரும்பினார்கள். ஒருநாள் கடையை மூடிவிட்டுச் சாட்சி சொல்ல வருபவரை இப்படி அலைக்கழித்தால் அடுத்த முறை அவர் வருவாரா என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அலுவலகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. முழங்கால் வலி உள்ள என் அம்மாவுக்காகச் சிலமுறை அவர்களே கீழே இறங்கி வந்தார்கள்.

காவல் நிலையக் கேமராப் பதிவு குறித்த முயற்சி நடுவில் நிற்கிறது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து, பதிவுகளைப் பதினெட்டு மாதம், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டு, பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. முதல் வாரத்திலேயே பதிவுகளை அழிக்கக் கூடாது என்று நிலையத்துக்கும் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினார்கள். கேமரா பழுது என்று பதில் வந்தது. எப்போதிலிருந்து பழுது, சரிசெய்யக் கேட்டு எழுதிய கடிதம் எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் காவலில் இருக்கும்போது கேட்டால், உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்த தகவல் என்ற அடிப்படையில் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். அந்த மனுவை அன்றே போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

யாருக்கு இந்த அலுவலகம் பொருந்தும்? சம்பவம் நடந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு, கைப்பேசியிலும் தாளிலும் ஏதேனும் தடயம் வைத்திருப்பவர்களுக்கு, சாட்சி சொல்ல அக்கம்பக்கத்தார் முன்வரும் நிலையில் உள்ளவர்களுக்கு நிச்சயம் பரிந்துரைப்பேன். நிலையத்தில் பேசி முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இவர்கள் உதவ மாட்டார்கள். அப்படிப்பட்ட பேச்சுவார்த்தைக்கு இவர்கள் போவதில்லை. புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி எங்களுக்கு இருவர் மூலம் தூது வந்தபோது, முடிவை எங்களிடமே விட்டுவிட்டு, திரும்பப் பெற்றால் என்ன ஆகும், பெறாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொன்னார்கள். நாங்கள் திரும்பப் பெறவில்லை.

போக விரும்புகிறவர்கள் நீதிமன்ற வேலை நாள்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் செல்வது நல்லது. காலையில் அனைவரும் வளாகத்தில்தான் இருப்பார்கள். முதல் தகவல் அறிக்கை, கைதுக் குறிப்பு, ரிமாண்டு உத்தரவு ஆகியவற்றின் நகல்கள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். காயம் இருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் சீட்டும், காயத்தைத் தேதி தெரியும்படி எடுத்த படமும் வேண்டும். பக்கத்துக் கடைகளின் கேமராப் பதிவுகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே அழிந்துவிடும் என்பதால், வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன்பே கடைக்காரரிடம் பேசி ஒரு நகலை வாங்கிவிடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் முழுவதும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.